புதிய எரிவாயுத் திட்டத்துக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி: டர்பன், ரிச்சர்ட்ஸ் பே வாசிகளுக்கு

விளம்பரம் கண்ணில் பட்ட அன்றே காலண்டரை எடுங்கள். திட்டத்தின் சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கையைப் படித்துக் கருத்து அனுப்ப, தென்னாப்பிரிக்காவின் 2014ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகள் குறைந்தது 30 நாள் தருகின்றன. இது வேலைநாள் கணக்கல்ல, சனி ஞாயிறும் சேரும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையுள்ள நாட்கள் மட்டும் கணக்கில் வராது. நியாயமான ஆட்சேபணைகள் பல, நாள் தவறியதாலேயே பயனில்லாமல் போகின்றன.

அடுத்த வேலை, பதிவு. அறிக்கை தயாரிக்கும் சூழல் மதிப்பீட்டாளருக்கு மின்னஞ்சல் எழுதி, அக்கறையுள்ள, பாதிக்கப்படும் தரப்பாக உங்களைப் பதியக் கேளுங்கள். திட்டத்தின் பெயர், விண்ணப்ப எண், உங்கள் முகவரி, தொடர்பு எண் வேண்டும். திட்டத்தில் உங்களுக்கு வணிக, பண, சொந்த நலன் எதுவும் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். "மெரிபேங்கில் குடியிருக்கிறேன், வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிறது" என்பதே போதுமான காரணம். கையெழுத்து வேட்டை நடத்தினால் ஒவ்வொரு பெயருக்கும் தொடர்பு விவரம் வாங்குங்கள். வெறும் கையெழுத்துக்குப் பின்னால் முடிவை யாருக்குத் தெரிவிப்பது?

அறிவிப்பு முறையாக வந்ததா என்று பாருங்கள். திட்ட இடத்தில் வைக்கும் பலகை குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 42 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், வேறு வகையில் பின்தங்கியவர்கள் கலந்துகொள்ள மாற்று வழி செய்து தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. வைல்டு கோஸ்ட் கடலில் ஷெல் நிறுவனம் நடத்தவிருந்த நில அதிர்வு ஆய்வுக்கான உரிமையை 2022 செப்டம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு காரணம் மொழி: கரையோர மக்கள் பேசுவது இசிகோசா. அறிவிப்போ ஆங்கில, ஆப்பிரிக்கான்ஸ் பத்திரிகைகளில் வந்திருந்தது. ஆகவே பக்கத்து இசிசூலு குடும்பங்களுக்கும், ஆங்கிலம் வாசிக்காத நம் பாட்டிமாருக்கும் செய்தி சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். மாரியம்மன் கஞ்சிப் பூசைக்குக் கூட்டம் சேரும் நாளில் விளக்கக் கூட்டம் வையுங்கள் என்று நீங்களே யோசனை சொல்லலாம்.

இனி உள்ளடக்கம். "எரிவாயு வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் "குறித்துக்கொண்டோம்" என்ற ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். பக்க எண் சொல்லி, எண்ணிட்டுக் கேள்வியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வி மாற்று வழி பற்றியது. காற்றாலை, சூரிய மின்சாரம், பேட்டரிச் சேமிப்பு ஆகியவற்றை இத்திட்டத்தோடு உண்மையாகவே ஒப்பிட்டார்களா? இரண்டாவது, கூட்டுத் தாக்கம். மின் நிலையம், குழாய், கப்பல் முனையம், மின் கம்பித் தடம் எல்லாம் தனித்தனி விண்ணப்பமாக வரும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும். ரிச்சர்ட்ஸ் பேயில் அரசு மின் நிறுவனமான எஸ்கம் கட்டவிருந்த 3000 மெகாவாட் எரிவாயு நிலையத்தின் சூழல் அனுமதியை 2025இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தபோது இந்த இரண்டுமே முக்கியக் காரணங்களாக இருந்தன. வழக்கைக் கொண்டுபோனவர்களில் தெற்கு டர்பன் சமூகச் சூழல் கூட்டமைப்பும் ஒன்று.

மூன்றாவது, காலநிலை. அனுமதிக்கு முன் காலநிலைத் தாக்கத்தை எடைபோட வேண்டும் என்பது 2017இல் தபமெட்சி நிலக்கரி நிலைய வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. கணக்கை நீங்களே போடலாம். 100 மெகாவாட் நிலையம் பாதி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 4,38,000 மெகாவாட் மணி. நல்ல திறனுள்ள எந்திரத்திலும் ஒரு மெகாவாட் மணிக்குச் சுமார் 0.4 டன் கரியமில வாயு வரும்: ஏறக்குறைய 1,75,000 டன். அதற்கு எரியும் வாயு சுமார் 63,000 டன். வழியில் 1 சதவீதம் கசிந்தால் 630 டன் மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். ஆக இன்னும் 50,000 டன் கரியமில வாயுவுக்குச் சமமான சூடு சேரும். அறிக்கை புகைபோக்கியில் வருவதை மட்டும் எண்ணியிருந்தால் இந்த வரிகளை அப்படியே எழுதி, கசிவை எத்தனை சதவீதமாக எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

மிதக்கும் முனையம் என்றால் கடல்நீர் பற்றியும் கேட்க வேண்டும். மைனஸ் 162 டிகிரியில் வரும் திரவ வாயுவை மீண்டும் வாயுவாக்கக் கடல்நீரை உறிஞ்சி, குளிர்ந்த நீரைக் குளோரின் எச்சத்தோடு திரும்ப விடும் முறை ஒன்று உண்டு. கிரொயேஷியாவின் கிர்க் தீவு முனையம் 2021இல் இயங்கத் தொடங்கும் முன்பே உள்ளூர் மக்கள் எதிர்த்தது இதைத்தான். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் நீர், வெப்பம் எத்தனை டிகிரி குறையும், குளோரின் எவ்வளவு, மீன் முட்டைக்கு என்ன ஆகும்: நான்கையும் கேளுங்கள். கிழக்கு ஐரோப்பாவில் மக்கள், சூழல் தகவல் பெறும் உரிமை தரும் ஆர்ஹஸ் ஒப்பந்தத்தின் பேரில் தகவல் கேட்கிறார்கள். நமக்கு, தீங்கற்ற சூழலுக்கு உரிமை தரும் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவும், 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டமும் இருக்கின்றன.

ஆட்சேபணையை ஒரே கோப்பாக்கி மதிப்பீட்டாளருக்கு அனுப்பி, சூழல் துறைக்கும் நகல் போடுங்கள். கிடைத்ததாகப் பதில் வராவிட்டால் இரண்டாம் நாளே மீண்டும் எழுதுங்கள். இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் உங்கள் கேள்விகள் முழுதாக வந்தனவா, சுருக்கிவிட்டார்களா என்று வரிவரியாகச் சரிபாருங்கள். பின்னாளில் நீதிமன்றம் பெரும்பாலும் இந்தப் பதிவைத்தான் பார்க்கும்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் மேல்முறையீட்டுக்கு 20 நாள் உண்டு. மேல்முறையீடு முடியும்வரை அனுமதி நிறுத்தி வைக்கப்படும் என்பதால் இந்தப் படியைத் தவறவிடக் கூடாது. அதுவும் தோற்றால் உயர் நீதிமன்ற மறுஆய்வு. தாமதமின்றி, அதிகபட்சம் 180 நாளுக்குள் போக வேண்டும். சூழலைக் காக்க நியாயமான நோக்கத்தோடு வழக்குப் போட்டவர் தோற்றாலும், எதிர்த்தரப்பின் செலவை அவர்மேல் சுமத்தாமல் விட நீதிமன்றத்துக்கு 1998ஆம் ஆண்டுச் சூழல் சட்டத்தின் 32ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. செலவுக்குப் பயந்து பின்வாங்கும் முன் வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.

அந்த 20 நாள், முடிவை உங்களுக்கு அனுப்பிய தேதியிலிருந்தே ஓடும். பதிவு செய்யும்போது ஒருவர் மின்னஞ்சலை மட்டும் கொடுக்காமல் இரண்டு பேருடையதைக் கொடுங்கள். தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பது யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.