பழைய காரில் வந்து வந்து போகும் அதிர்வா?

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் இந்த அதிர்வு நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் எப்போது வருகிறது என்று நீங்களே குறித்து வையுங்கள். 80 கி.மீ. வேகத்தை ஒட்டி ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி சரிசெய்வது). அதற்காக ரிம்மில் வைத்திருந்த சின்ன எடைத் துண்டு விழுந்திருக்கலாம். மழைக்காலத்தில் சக்கரத்தின் உள்பக்கம் அப்பிய சேறுகூடப் போதும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க்கைப் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) பாருங்கள். சிக்னலில் ஏசி போட்டு நிற்கையில் வண்டியே குலுங்கினால் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள்.

எனக்கு இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை (காசு போனதுதான் மிச்சம்). கடைசியில் சக்கரத்தைக் கழற்றி டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவியபோதுதான் சின்ன வீக்கம் தட்டுப்பட்டது. வீங்கிய டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அன்றைக்கே மாற்றினேன், நடுக்கமும் நின்றது.