காண்ட்ராய்டினும் கால்சியப் படிவும்: லேபில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், குருத்தெலும்பில் நிறைந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலியான காண்ட்ராய்டின் பக்கம் ஒரு முறையாவது எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை. காரணம் தெரிந்ததுதான். தடித்துப்போன தமனி, இறுகிப்போன இதய வால்வு என்று கால்சியம் படியக் கூடாத இடத்தில் படிந்த திசுவை எடுத்துச் சாயம் போட்டால், அதே வட்டாரத்தில் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் குவிந்து கிடக்கும். அதன் சர்க்கரைச் சங்கிலியில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கார்பாக்சில், பெரும்பாலும் ஒரு சல்ஃபேட். இரண்டும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. கால்சியமோ நேர்மின்னேற்றம். இழுக்காமல் என்ன செய்யும்? ஆய்வுக்குத் தலைப்பு ரெடி என்று தோன்றிவிடும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

புட்டியில் தேதி எழுதாதது, ஸ்லைடை மாற்றி வைத்தது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். கீழே இருப்பவை திட்டு வாங்காமலே தீசிஸ் வரைக்கும் போய்ச் சேருகிறவை.

பக்கத்தில் இருப்பதைக் காரணம் என்று எழுதுவது

காண்ட்ராய்டின் இருந்தாலே கால்சியம் படியும் என்றால் நம் மூக்கு நுனி எப்போதோ கல்லாகியிருக்க வேண்டும். உடம்பிலேயே காண்ட்ராய்டின் அதிகம் உள்ள இடம் குருத்தெலும்பு. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையிலுள்ள வளர்தட்டில் அது கால்சியம் ஏற்றுக்கொள்கிறது. மூக்கிலும் மூட்டின் வழவழப்பான மேற்பரப்பிலும் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. அப்படியானால் தடுக்கிற ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது.

1997-இல் ஜெரார்ட் கார்சென்டியின் குழு எம்ஜிபி (மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம்) என்ற ஒரே ஒரு புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியது. அவற்றின் தமனிகளிலும் குருத்தெலும்பிலும் கால்சியம் தானாகவே படிந்தது. பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் பெருநாளம் வெடித்துச் செத்தன. எம்ஜிபி, பைரோபாஸ்பேட், ரத்தத்தில் ஓடும் ஃபெட்யூயின்-ஏ என்று தடுப்பாளர்கள் ஒரு கூட்டமே இருக்கிறது. காண்ட்ராய்டின் கூடியதை மட்டும் அளந்துவிட்டு இவற்றில் எது குறைந்தது என்று பார்க்காமல் எழுதும் கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

கறுப்பைப் பார்த்ததும் கால்சியம் என்பது

ஃபான் கோசா சாயத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி. வெள்ளி நைட்ரேட்டிலுள்ள வெள்ளி போய்ப் பிடிப்பது பாஸ்பேட்டையும் கார்பனேட்டையும். வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. கால்சியத்தை அது நேரடியாகத் தொடுவதே இல்லை. கால்சியத்தைப் பார்க்க அலிசரின் ரெட் என்ற சிவப்புச் சாயம் போட வேண்டும், அதுவும் பிஹெச் 4.1-லிருந்து 4.3-க்குள் வைத்து. செல் வளர்ப்பில் ஃபான் கோசா மட்டும் போட்டுவிட்டு எலும்பு உருவானது என்று சொல்ல முடியாது என்பதை 2003-இலேயே லிண்டா போன்வால்டின் குழு தெளிவாகக் காட்டிவிட்டது. இன்றும் ஃபான் கோசா படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

செல் இல்லாத குழியை வைக்காமல் விடுவது

இதுதான் என் பொறுமையைச் சோதிக்கும் தவறு. பணமும் போகும், காலமும் போகும், கடைசியில் மானமும் போகும்.

வேறொரு லேபிலிருந்து ஒரு பெண், செல் வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட பிளேட்டோடு வந்தாள். நாளச்சுவரின் மென்தசை செல்களைக் காண்ட்ராய்டின் பூசிய குழிகளிலும் பூசாத குழிகளிலும் வளர்த்திருந்தாள். மீடியாவில், அதாவது செல்லுக்கான ஊட்டக் கரைசலில், பாஸ்பேட்டைக் கூட்டி, கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சேர்த்து, சீரத்தை வழக்கமான 10 சதவிகிதத்திலிருந்து குறைத்திருந்தாள். பூசிய குழிகள் அலிசரினில் குங்குமம் கொட்டியது போலச் சிவந்திருந்தன. பூசாதவற்றில் அங்கங்கே ஒரு புள்ளி. “காண்ட்ராய்டின் பட்டதும் தசை செல் எலும்பு செல் மாதிரி மாறுது சார்” என்றாள். போஸ்டர்கூடத் தயாராகிவிட்டது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். செல்கள் உண்டாக்கிய படிவு என்றால் செல் அடுக்கோடு பிணைந்து முடிச்சு முடிச்சாக இருக்கும். இங்கே செல்கள் உரிந்துபோன ஓரத்திலும் அதே சிவப்பு, அதே அடர்த்தியில் பொடி மணல் போலப் பரவிக் கிடந்தது. பிப்பெட் முனையால் லேசாகத் தள்ளினால் ஏடு ஏடாகக் கிளம்பியது. “செல்லே போடாமல் பூச்சும் மீடியாவும் மட்டும் வைத்த குழி எங்கேம்மா?” என்று கேட்டேன். இல்லை. கைடு கேட்கவில்லையாம். சரி, போய் வைத்துவிட்டு வா என்று அனுப்பினேன். செல் இல்லாத குழியும் சிவந்தது.

ஏன் என்று கணக்குப் போட்டாலே தெரியும். சாதாரண டிஎம்இஎம் மீடியாவில் கால்சியம் 1.8 மில்லிமோலார், பாஸ்பேட் சுமார் 0.9. இதில் பாஸ்பேட்டை மூன்று மில்லிமோலாருக்குக் கொண்டுபோய், மேலே கால்சியத்தையும் கூட்டினால் கரைசல் படிவு விழும் விளிம்பில் நிற்கிறது. பெரியவர்களின் ரத்தத்தில் பாஸ்பேட் 1.5 மில்லிமோலாரைத் தாண்டினாலே அதிகம் என்கிறோம். அங்கே படியாமல் காப்பது பெரும்பாலும் ஃபெட்யூயின்-ஏ போன்ற சீரப் புரதங்கள். சீரத்தைக் குறைத்ததும் அந்தக் காவலும் போனது. இந்த நிலையில் எதிர்மின்னேற்றம் நெருக்கமாக உள்ள ஒரு பரப்பு கிடைத்தால் கால்சியம் அதன்மேல் கூடும், படிகம் அங்கேயே தொடங்கும். இதில் செல்லுக்கு வேலையே இல்லை.

பாஸ்பேட்டுக்குப் பதிலாகப் பீட்டா கிளிசரோபாஸ்பேட் போடுகிறவர்களும் தப்பிக்க முடியாது. வழக்கமாகப் போடும் 10 மில்லிமோலாரை ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் உடைத்துத் தள்ளினால் மீடியா முழுக்கப் பாஸ்பேட்தான். அப்புறம், சாயம் போடும் முன் பிபிஎஸ்ஸில் கழுவுகிறவர்கள். பிபிஎஸ்ஸே பாஸ்பேட் கரைசல். கால்சியம் நிறைந்த குழியில் அதை ஊற்றினால் கழுவும்போதே புதுப் படிவு விழலாம்.

அந்தப் பெண்ணின் முடிவு பொய்யில்லை. பூசிய காண்ட்ராய்டின் படிகத்துக்கு வித்திடுகிறது என்பது எழுதத் தகுந்த விஷயம்தான். ஆனால் அவள் போஸ்டரில் எழுதியிருந்தது அதை அல்ல. எலும்பு செல்லின் அடையாளமான ரன்எக்ஸ்2 கூடியதா, தசை செல்லின் அடையாளமான மென்தசை ஆக்டின் குறைந்ததா என்று பார்க்காமல் “செல் மாறியது” என்று போட்டிருந்தாள். செல் இல்லாத குழி, செத்த செல் குழி, காண்ட்ராய்டினை வெட்டும் காண்ட்ராய்டினைஸ் என்சைம் கொடுத்த குழி. ஒரு பிளேட்டில் ஒரு வரிசை இடம். இந்த மூன்றையும் வைக்கச் சொன்னால் “செல் வீணாகுமே” என்கிறார்கள். முதல் குழியில் செல்லே கிடையாது என்று எத்தனை தடவைதான் சொல்வது!

கரைந்திருப்பதும் ஒட்டியிருப்பதும் ஒன்றென்று கொள்வது

ஒரு கட்டுரை காண்ட்ராய்டின் படிவைத் தடுக்கிறது என்கிறது, இன்னொன்று தூண்டுகிறது என்கிறது. மாணவர்கள் குழம்பிப்போய் இரண்டில் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள். முதலில் எப்படி வைத்தார்கள் என்று பாருங்கள். கரைசலில் தனியாக மிதக்கும் சங்கிலி கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு படிகம் வளர்வதைத் தாமதப்படுத்தும். அதே சங்கிலி ஒரு பரப்பில் நெருக்கமாக ஒட்டியிருந்தால் கால்சியத்தை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுக்கும். குருத்தெலும்பில் இது அக்ரிகன் புரதத்தில் தூரிகை மயிர் போல நெருங்கி நிற்கிறது. உங்கள் பரிசோதனை எந்த நிலையைப் போலிருக்கிறது என்பதை முறைப் பகுதியின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏபிசி என்சைமை மட்டும் நம்புவது

காண்ட்ராய்டினைஸ் ஏபிசி, காண்ட்ராய்டினின் உறவான டெர்மட்டான் சல்ஃபேட்டையும் வெட்டும். தமனியில் அது நிறையவே உண்டு. டெர்மட்டானை வெட்டாத ஏசி என்சைமையும் கூடவே வையுங்கள்.

திசுவைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவது

கத்தியில் கரகரத்தால், திசுவை மெழுகில் பதித்து பிளாக் போடுபவர் அதை அமிலத்தில் ஊறவைத்துவிடுவார். நீங்கள் தேடிய கால்சியம் போய்விட்டது. பஃபர் இல்லாத பழைய ஃபார்மலினும் மெல்ல மெல்ல இதையேதான் செய்யும். படிவத்தில் பெரிதாக எழுதி, நேரிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைப் பொடியைச் செல்லில் கொட்டுவது

மூட்டு வலி மாத்திரையை உடைத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தைப் பொடி மாட்டின் மூச்சுக்குழாயிலிருந்து வந்திருக்கலாம், பன்றியிலிருந்தோ சுறாவிலிருந்தோ வந்திருக்கலாம். சல்ஃபேட் நான்காம் இடத்திலா ஆறாம் இடத்திலா என்பது அதைப் பொறுத்து மாறும். அதைவிட மோசம் கலப்படம். சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்ற பாலிபாஸ்பேட் கலந்த காண்ட்ராய்டின் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. காண்ட்ராய்டின் அளவைப் பார்க்கும் சாதாரண சிபிசி டைட்ரேஷன் சோதனை எதிர்மின்னேற்றச் சங்கிலி எதையும் காண்ட்ராய்டின் என்றே எண்ணிவிடும் என்பதால் அது அங்கே மாட்டாது. கால்சியம் பாஸ்பேட் படிவதை ஆராயும் பிளேட்டில் போய்ப் பாலிபாஸ்பேட்டைக் கலந்தால் எதை அளந்தோம் என்று யாருக்கும் தெரியாது.

பிளேட்டில் பார்த்ததை வைத்துப் பெரியப்பாவின் மாத்திரையை நிறுத்தச் சொல்வது

திசுவிலுள்ள காண்ட்ராய்டினை அங்குள்ள செல்களே தயாரிக்கின்றன. விழுங்கும் மாத்திரை குடலில் பெரும்பாலும் உடைந்து, சிறு பங்குதான் ரத்தத்துக்கு வருகிறது. 2006-இல் வெளிவந்த கெயிட் ஆய்வில் 1583 பேரைச் சேர்த்து, காண்ட்ராய்டின் பிரிவுக்குத் தினம் 1200 மில்லிகிராம் என 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாக முழங்கால் வலிக்கு, மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதில் தேடியது வலி குறைகிறதா என்பதை. நாளத்தில் கால்சியம் படிகிறதா என்பதை அல்ல. ஆகவே பெரியப்பா போனில் கேட்டால், பலன் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். ரத்தக்குழாய் கல்லாகிவிடும் என்று பயமுறுத்த வேண்டாம்.

நோயாளிகளின் தரவை அலசப் போகிறவர்களுக்கு ஒன்று. மூட்டு மாத்திரை சாப்பிடும் வயதில் பலர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிடுவார்கள். வார்ஃபரின் வைட்டமின் கே சுழற்சியைத் தடுக்கும். அந்தச் சுழற்சி இல்லாமல் எம்ஜிபி முழுமையாக வேலை செய்யாது. எலிகளில் வார்ஃபரினே தமனியில் கால்சியத்தைப் படிய வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, குளுகோசமினும் காண்ட்ராய்டினும் வார்ஃபரினோடு சேரும்போது ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறியதாகவும் பதிவுகள் உண்டு. வார்ஃபரின், சிறுநீரகச் செயல்பாடு, டயாலிசிஸ் ஆகிய மூன்றையும் கேட்காத கேள்வித்தாள் என் மேஜைக்கு வந்தால் கையெழுத்து இல்லாமல்தான் திரும்பிப் போகும்.