எந்தப் போர்ல சிப்பாய் பாடு ரொம்ப மோசம்னு எப்படி எடை போடுறது

போன மாசம் அக்கா பையன் ஒரு சார்ட் பேப்பரோட வந்தான், ஸ்கூல் ப்ராஜெக்டாம், "உலகின் கொடூரமான போர்கள்"னு ஸ்கெட்ச்ல தலைப்பு போட்டு கீழ 1, 2, 3னு வரிசை. 1 இரண்டாம் உலகப்போர், 2 முதல் உலகப்போர், அப்புறம் கூகுள்ல கிடைச்சதெல்லாம். எதை வச்சுடா வரிசை போட்டேன்னு கேட்டா, செத்தவங்க எண்ணிக்கை மாமாங்கிறான். சரி, அதுல சிப்பாய் எத்தனை பேர், ஊர்ஜனம் எத்தனை பேர்னு கேட்டேன். முழிச்சான். அன்னிக்கு ராத்திரி உக்காந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், இந்த விஷயத்துல விவாதம் பண்றவங்க யாருக்கும் உதவும்.

முதல்ல பண்ண வேண்டியது, மொத்த எண்ணிக்கைய ஓரமா வைங்க. பெரிய நாடுங்க மோதிக்கிட்டா எண்ணிக்கை பெருசாத்தான் வரும். நமக்கு வேணுங்கிறது வேற கேள்வி: அந்தப் பட்டாளத்துல ஒருத்தனா நான் போயிருந்தா திரும்பி வர வாய்ப்பு எவ்வளவு? அதுக்குப் போன ஆளு எத்தனை, வந்த ஆளு எத்தனைன்னு ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதணும். 1812ல நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ள போனதைப் பத்தி மினார்டுங்கிற பிரெஞ்சு இன்ஜினியர் 1869ல ஒரு படம் போட்டார், தேடிப் பாருங்க, ஒரே ஒரு கோடுதான். ரஷ்ய எல்லையில இருந்த நீமன் ஆத்தைத் தாண்டும்போது கோடு தடியா இருக்கும், 4,22,000 பேர். மாஸ்கோ போகும்போது 1,00,000. திரும்ப அதே ஆத்துக்கு வரும்போது நூல் மாதிரி, 10,000. இதுல எல்லாரும் செத்துட்டாங்கன்னு இல்ல, ஓடிப்போனவன், பிடிபட்டவன், வழியில காவலுக்கு விட்டவன்னு எல்லாம் கலந்துதான் இருக்கு, ஆனா அந்தக் கோட்டைப் பாத்தா வயித்துல ஒரு மாதிரி பண்ணும்.

இன்னொண்ணு, பழைய காலத்து நம்பர்ல ஜாக்கிரதை. கலிங்கப் போர்ல 1 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க, 1.5 லட்சம் பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு அசோகரே கல்வெட்டுல சொல்றார், ஆனா இவ்வளவு முழு முழு நம்பரா வந்தாலே அது யாரும் எண்ணிப் பாத்து எழுதினது இல்லைன்னு வச்சுக்கலாம். அதனால 1800க்கு முந்தின போர்களை நான் ஒப்பீட்டுக்கே எடுக்கிறதில்ல. அப்ப பாடு கம்மின்னு சொல்லல, கணக்கு கையில இல்ல, அவ்வளவுதான்.

அடுத்தது, எதுல செத்தான்னு பாருங்க. சினிமா பாத்து வளந்த நமக்குக் குண்டு, கத்தி, பீரங்கிதான் கண்ணுக்குத் தெரியும். நிஜத்துல முதல் உலகப்போர் வரைக்கும் பெரும்பாலான போர்ல சிப்பாயோட பெரிய எதிரி பேனும் பேதியும் கொசுவும்தான். 1809ல பிரிட்டிஷ்காரன் நெதர்லாந்து பக்கம் வால்செரன் தீவுக்கு கிட்டத்தட்ட 40,000 பேரை அனுப்புனான், சண்டையில செத்தது 106 பேர், காய்ச்சல்ல செத்தது சுமார் 4,000 பேர். கிரிமியா போர்ல (1853-56) பிரிட்டிஷ் பக்கம் செத்தது 21,000 பேர்கிட்ட, அதுல 16,000 பேர் வியாதியில போனவங்க. துருக்கியில பிரிட்டிஷ்காரன் நடத்துன ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில அடிபட்டவன் உள்ள போனா வெளிய வர்றது சந்தேகம், கட்டடத்துக்கு அடியில சாக்கடை அடைச்சுக் கிடந்துச்சு, 1855 மார்ச்ல கமிஷன் ஒண்ணு வந்து அதைக் கழுவி விட்டு காத்தோட்டம் பண்ணதுக்கு அப்புறம்தான் சாவு சரசரன்னு இறங்குச்சு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வட்ட வட்டமா ஒரு வரைபடம் போட்டு இதைத்தான் காமிச்சாங்க, விளக்கோட போறவங்கன்னு மட்டும் நாம படிச்சோம், அந்தம்மா புள்ளிவிவரத்துல புலி.

நெப்போலியன் கதையிலயும் இதேதான். பனிதான் கொன்னுச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா மேல சொன்ன கோட்டைப் பாருங்க, மாஸ்கோ போய்ச் சேர்றதுக்குள்ளயே முக்கால்வாசி காலி, அப்ப வெயில் காலம். வெயில், தண்ணியில்லாம நடை, பேதி, பேன் கொண்டாந்த காய்ச்சல். அக்டோபர் 19க்குத்தான் மாஸ்கோவ விட்டே கிளம்புறாங்க, பனி கொட்டினது அதுக்கும் அப்புறம். 2001ல லிதுவேனியாவுல வில்னியஸ் நகரத்துல கட்டட வேலைக்கு மண்ணு தோண்டும்போது அந்தப் பட்டாளத்து ஆளுங்க புதைகுழி ஒண்ணு வெளிய வந்துச்சு, ஆயிரக்கணக்குல எலும்பு, அந்த மண்ணுல பேனோட துண்டு கூட கிடைச்சுது, அதுல பேன் பரப்புற ட்ரெஞ்ச் ஃபீவர்ங்கிற காய்ச்சல் கிருமியோட டிஎன்ஏ இருந்துச்சு. 190 வருஷம் கழிச்சு பேன் சாட்சி சொல்லுது.

இதைச் சொன்னதும் பையன் சார்ட்ல "பேன்"னு ஒரு கட்டம் போட்டான். சிரிக்காதீங்க, சரியான கட்டம்தான் அது.

அடுத்து சோறும் குளிரும். நான் ரொம்ப நேரம் உக்காந்தது இங்கதான், ஏன்னா ஒரு சிப்பாயோட நாள் எப்படிப் போச்சுன்னு தெரியணும்னா அவன் என்ன தின்னான், எங்க தூங்கினான்னு பாத்தாப் போதும். ஈராக்ல குட் அல் அமாராங்கிற ஊர்ல 1915 டிசம்பர்ல இருந்து 147 நாள் பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கிக்காரன் முற்றுகையில மாட்டிக்கிச்சு. கடைசியில குதிரைய அடிச்சுத் தின்ன வேண்டிய நிலைமை, இந்தியச் சிப்பாய்ங்க பல பேர் தொடமாட்டோம்னுட்டாங்க. இதுல ஒரு விசித்திரம் பாருங்க. வெள்ளைக்காரன் மைதா ரொட்டி தின்னான், அவனுக்கு பெரிபெரிங்கிற சத்துக் குறைவு வியாதி வந்துச்சு, நம்மாளு ஆட்டா, பார்லி மாவு தின்னதால பெரிபெரி அண்டல, ஆனா கறியும் காயும் இல்லாம ஈறு வீங்கி ஸ்கர்வி வந்துச்சு. ஒரே ஊரு, ஒரே முற்றுகை, தட்டுக்குத் தட்டு வேற வியாதி. ஏரோப்ளேன்ல சாப்பாட்டு மூட்டை போட்டுப் பாத்தாங்க, துருக்கிக்காரனுக்குப் பணம் தர்றோம், விட்டுடுன்னு பேரம் கூட பேசிப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல. உள்ள இருந்த சுமார் 13,000 பேரைக் காப்பாத்தப் போன படையில மட்டும் செத்ததும் அடிபட்டதும் 23,000 பேர். 1916 ஏப்ரல் 29 சரணடைஞ்சாங்க, அப்புறம் பாலைவனத்துல நடக்க வச்சாங்க, சாதாரண பிரிட்டிஷ் சிப்பாய்ல 100க்கு 70 பேர்கிட்ட ஊர் திரும்பல. இந்தியச் சிப்பாய்ங்களும் ஆயிரக்கணக்குல போயிட்டாங்க.

1944 இம்பால், கொஹிமா இன்னும் மோசம்பேன், அதுவும் ஜப்பான்காரன் பக்கம். முதகுச்சிங்கிற ஜெனரல் போட்ட திட்டம் என்னன்னா, மூணு வாரத்துக்கு மட்டும் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போ, கூடவே மாட்டை ஓட்டிக்கிட்டுப் போ, பசிச்சா அடிச்சுத் தின்னு, இம்பாலைப் பிடிச்சா பிரிட்டிஷ்காரன் குடோன் நமக்குத்தான். சிந்த்வின் ஆத்தைத் தாண்டும்போதே பாதி மாடு போயிருச்சு, இம்பாலும் விழல. 85,000 பேர் போனதுல 30,000 பேர்கிட்ட சாவு, பெரும்பாலும் பசியும் மலேரியாவும் பேதியும். மழையில திரும்பி வந்த பாதைக்கு அவங்களே வச்ச பேரு "எலும்புப் பாதை". சத்தோங்கிற டிவிஷன் கமாண்டர் மேலிடத்து உத்தரவை மீறியே படையக் கூட்டிக்கிட்டு பின்வாங்கினார், என்னைக் கேட்டா அந்தப் போர்ல ஜப்பான் பக்கம் ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான். இதே பின்வாங்கல்ல நேதாஜியோட ஐஎன்ஏ (இந்திய தேசிய ராணுவம்) ஆளுங்களும் இருந்தாங்க. மலேயா ரப்பர் எஸ்டேட்ல இருந்து ஐஎன்ஏவுல சேந்த தமிழர்கள் நிறைய, அதனால இந்த அத்தியாயம் நமக்கு அவ்வளவு தூரத்துக் கதை இல்ல.

குளிருக்கு கொரியாவைப் பாருங்க. 1950 நவம்பர் கடைசியில சோசின் நீர்த்தேக்கம் பக்கம் மைனஸ் 30 டிகிரி. அடிபட்டவனுக்கு ஏத்த வேண்டிய பிளாஸ்மா பாட்டில்லயே உறைஞ்சு கெட்டியாயிடுச்சு, மார்ஃபின் ட்யூப் உறையாம இருக்க அமெரிக்க மெடிக்குங்க அதை வாய்க்குள்ள அடக்கி வச்சுக்கிட்டு ஓடினாங்க, வெத்தலை அடக்கிற மாதிரி. எதிர்ல வந்த சீனச் சிப்பாய் நிறைய பேருக்குக் கால்ல துணி ஷூதான், சீனாவோட கிழக்குப் பக்கத்துல இருந்தவங்களை, குளிர் உடுப்பு வந்து சேர்றதுக்குள்ள ரயிலேத்தி விட்டுட்டாங்க. ரெண்டு பக்கத்தையும் பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான், ஒரே மலையில ஒருத்தன் குளிர்ல நடுங்கினான், இன்னொருத்தன் படுத்த இடத்துலயே கட்டையாயிட்டான்.

எங்க தெருவுல ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர் ஒருத்தர் இருக்கார், காஷ்மீர் பக்கம் சியாச்சின் பனிமலையில இருந்தவர். எதிரி சுடுவானான்னு பையன் ஆர்வமா கேட்டான். அவர், "சுடுறதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, ராத்திரி வெளிக்கு வந்தா எந்திரிச்சுப் போறதுதான் பெரிய சண்டை"ன்னார். மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில படுத்துப் படுத்து காலையில துப்பினா கருப்பா வருமாம். அங்க 1984ல இருந்து குண்டை விட குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கு. 2016 பிப்ரவரியில சோனம் போஸ்ட்ல பனிச்சரிவுல போன 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19வது பட்டாலியன், அதுல நம்ம ஊர் பசங்களும் உண்டு.

அடிபட்டா என்ன ஆகும்ங்கிறது அடுத்த கேள்வி, இதைச் சுருக்கமா முடிக்கிறேன். மயக்க மருந்து 1846க்கு அப்புறம்தான், பென்சிலின் பெரிய அளவுல வந்தது 1944 வாக்குல. அதனால ஒரு போரோட வருஷத்தைப் பாத்தாலே பாதி தெரிஞ்சுரும். 1812ல மாஸ்கோ போற வழியில நடந்த பொரோடினோ சண்டையில லாரேங்கிற பிரெஞ்சு சர்ஜன் ஒரே நாள்ல சுமார் 200 கை கால் வெட்டி எடுத்தார்னு சொல்லுவாங்க, எல்லாம் மயக்க மருந்து இல்லாம.

பிடிபட்டா என்ன ஆகும்? நிறைய பேர் விட்டுடுற கேள்வி இதுதான், ஆனா முழு வரிசையையும் தலைகீழா மாத்துறது இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஆண்டர்சன்வில் கேம்ப்ல 45,000 கைதிங்க, 14 மாசத்துல கிட்டத்தட்ட 13,000 சாவு. இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் கிட்ட பிடிபட்ட பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்ல 100க்கு 4 பேர் செத்தாங்க, ஜப்பான்காரன் கிட்ட மாட்டினவங்கள்ல 100க்கு 27. அதே ஜெர்மன்காரன் கிட்ட பிடிபட்ட சோவியத் சிப்பாய் 57 லட்சம் பேர், செத்தது 33 லட்சம் பேர். ஒரே ஜெர்மன்காரன்தான், கைதி யாருங்கிறதைப் பொறுத்து 100க்கு 4ம் ஆச்சு, 58ம் ஆச்சு. முள்வேலி போட்ட வெட்டவெளியில கூரை கூட இல்லாம விட்டு, புல்லையும் மரப்பட்டையையும் தின்னுட்டு செத்தாங்க. அந்தப் பக்கம் ஸ்டாலின்கிராட்ல பிடிபட்ட 91,000 ஜெர்மன்காரங்கள்ல ஊர் திரும்பினது 6,000 பேர் கிட்டத்தான்.

சொந்தப் பக்கம் அவனை எப்படி நடத்துச்சுன்னும் ஒரு கட்டம் போடுங்க. 1812ல ரஷ்யக் குடியானவன் பட்டாளத்துக்குப் போனா 25 வருஷம், ஊரே கூடி இழவு வீடு மாதிரி ஒப்பாரி வச்சுத்தான் அனுப்பும். முதல் உலகப்போர்ல ஓடிட்டான், பயந்துட்டான்னு பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ன தன்னோட சொந்தச் சிப்பாய்ங்க 306 பேருக்கு 2006லதான் மன்னிப்பு கிடைச்சுது. ஸ்டாலின் 1941 ஆகஸ்ட்ல போட்ட 270ம் நம்பர் உத்தரவுப்படி சரணடைஞ்சவன் துரோகி, அதிகாரியா இருந்தா வீட்டு ஆளையும் பிடிச்சு உள்ள போடலாம். அப்ப ஜெர்மன் கேம்ப்ல பட்டினியில தப்பிச்சு 1945ல ஊருக்கு வந்தவனுக்கு விசாரணை காத்துக்கிட்டு இருந்துச்சு.

கடைசியா, எங்க படிக்கிறதுங்கிறது. ஜெனரல் எழுதினதை விட சிப்பாய் எழுதின கடிதம் நூறு மடங்கு மேல், ஆனா அதுலயும் ஒரு சூது இருக்கு, கடிதம் சென்சார் ஆகும்னு எழுதினவனுக்குத் தெரியும். பிரான்ஸ்ல சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்ங்க 1914-18ல வீட்டுக்கு எழுதின கடிதங்கள்ல நமக்குக் கிடைச்சது பெரும்பாலும் சென்சார் ஆபீஸ்காரன் மொழிபெயர்த்து எழுதி வச்ச பகுதிகள்தான், அதனால எழுதின வார்த்தைய விட சுத்தி வளைச்சுச் சொன்னதைக் கவனிச்சுப் படிங்க. அப்புறம் முதல் உலகப்போர்ல பிரான்ஸ் பக்கத்து மேற்கு முனையில எப்பவும் ட்ரெஞ்ச்லயே (பதுங்குகுழி) கிடந்தாங்கன்னு நினைக்காதீங்க, பிரிட்டிஷ் பட்டாலியனை சில நாளுக்கு ஒரு தடவை பின்னாடி மாத்திவிடுவாங்க. பிரான்ஸ்ல நடந்த சொம் சண்டையோட முதல் நாள், 1916 ஜூலை 1, ஒரே நாள்ல 19,240 பிரிட்டிஷ் சிப்பாய் செத்தது உண்மை, ஆனா அது தினப்படி நடந்தது இல்ல. மோசமான ஒரு நாளும் மோசமான ஒரு வருஷமும் வேற வேற, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

என் வரிசை கேட்டீங்கன்னா முதல் இடம் 1941ல பிடிபட்ட சோவியத் சிப்பாய்க்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, முன்னாடி போனா ஜெர்மன்காரன், பின்னாடி வந்தா சொந்த உத்தரவு, நடுவுல பட்டினி. ரெண்டாவது இம்பால் எலும்புப் பாதை. மூணாவது 1812. முதல் உலகப்போர்ல பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் மாசக்கணக்கா மோதின வெர்டன் ஏன் இல்லைன்னு சண்டைக்கு வருவீங்க, வாங்க, கட்டத்தைப் போட்டு நிரப்பிக் காமிங்க, மாத்திக்கிறேன்.

பையன் சார்ட்டைப் புதுசா போட்டு, பேன் கட்டத்துல பெருசா ஒரு பேன் படம் வரைஞ்சு கொண்டுபோனான். மிஸ் பாத்துட்டு, போருக்கும் கரப்பான்பூச்சிக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்டாங்களாம்.