பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் டோசர் வாங்கும் முன்: சூடாக்கிப் பாருங்கள்

சிங்கப்பூரின் துவாஸ், கிராஞ்சி பக்கத்து யார்டுகளில் டோசர் (முன்னால் பிளேடு வைத்து மண் தள்ளும் வண்டி) பார்க்கப் போனால் நடப்பது இதுதான்: சாவியைத் திருகுவார்கள், பிளேடை இரண்டு தடவை தூக்கி இறக்குவார்கள், நாலு அடி முன்னால் பின்னால் ஓட்டிக் காட்டி "நல்லா இருக்கு பாஸ்" என்பார்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் டோசரைப் பொறுத்தவரை இந்த ஐந்து நிமிடத்தில் தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

காரணம் அதன் அமைப்பு. கோமாட்சு டி51, கேட்டர்பில்லர் டி6கே போன்ற வண்டிகளில் டார்க் கன்வர்ட்டரும் (இன்ஜின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கியர்பாக்ஸும் கிடையாது. இன்ஜின் ஹைட்ராலிக் பம்புகளைச் சுழற்ற, அந்த எண்ணெய் அழுத்தம் இரண்டு பக்க டிராக் (சங்கிலிப் பட்டை) மோட்டார்களையும் ஓட்டுகிறது. பம்பும் மோட்டாரும் தேய்ந்தால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசியும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அந்தக் கசிவு அடங்கியிருக்கும். சூடாகி இளகியதும்தான் வண்டி பலம் இழக்கும்.

1. வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள்

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே ஃபோனில் சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

2. எண்ணெயைப் பாருங்கள்

ஹைட்ராலிக் எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம்மூர் மழையில் மாதக்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில் இது அதிசயமில்லை. கருகிய வாடை அடித்தால் வண்டி அளவுக்கு மேல் சூடாகி ஓடியிருக்கிறது. முடிந்தால் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள், செலவு உங்களுடையது என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உள்ளே பித்தளை நிறத்தில் மினுமினுக்கும் தூள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இது மூடிய சுற்று, ஒரு பம்ப் உடைந்தால் அந்த உலோகத் தூள் மோட்டாருக்கும் போகும், அங்கிருந்து திரும்பியும் வரும். பம்பை மட்டும் மாற்றினால் போதாது, ஹோஸ், கூலர் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். "பம்ப் புதுசு" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பழையது ஏன் போனது, சுற்றைக் கழுவினீர்களா, பில் எங்கே என்று கேட்பதுதான் சரி.

3. வேலை கொடுத்துச் சூடாக்குங்கள்

இதில்தான் விடாப்பிடியாக இருக்க வேண்டும். சும்மா ஓடவிட்டால் எண்ணெய் லேசில் சூடாகாது, மண் தள்ள வேண்டும். யார்டில் மண் இல்லை, இடமில்லை என்பார்கள். அப்படியானால் வண்டி வேலை செய்யும் சைட்டில் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள். வெப்பநிலை முள் வழக்கமான நிலைக்கு வந்து, அதன் பிறகும் கொஞ்ச நேரம் வேலை செய்யட்டும்.

அப்புறம் சமதளத்தில் நேராக ஓட்டுங்கள், ஸ்டியரிங்கைத் தொடாமல். குளிர்ந்தபோது நேராகப் போன வண்டி இப்போது ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துப் பம்போ மோட்டாரோ பலவீனம். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைச் சரிக்கட்டிவிடும், அதனால் இந்த ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். பிளேடை ஒரு கெட்டியான மண்மேட்டில் முட்டவைத்துக் குறைந்த வேகத்தில் தள்ளுங்கள். நல்ல வண்டியில் டிராக் இரண்டும் மண்ணில் வழுக்கிச் சுற்றும். இன்ஜின் சிரமமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க, டிராக் சுற்றாமல் நின்றுவிட்டால் அழுத்தம் எங்கோ வீணாகிறது. பாரத்தோடு இடமும் வலமும் திருப்பி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதில் சொல்கிறதா என்று பாருங்கள்.

ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால், சூடான நிலையில் சார்ஜ் பம்ப் (சுற்றுக்கு எண்ணெய் ஊட்டும் சிறு பம்ப்) அழுத்தத்தையும், கேஸ் டிரெயின் (உள்ளே கசியும் எண்ணெயை டேங்குக்குக் கொண்டுபோகும் குழாய்) வழியாகத் திரும்பும் எண்ணெய் அளவையும் அளந்து தயாரிப்பாளர் கையேட்டோடு ஒப்பிடுவார். பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று மட்டும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

4. அடிப்பாகம்

டோசர் பராமரிப்புச் செலவில் பாதிவரை டிராக், அதைத் தாங்கும் ரோலர், முன்பக்கச் சக்கரமான ஐட்லர், டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஆகியவற்றுக்கே போகும். ஸ்ப்ராக்கெட் பல் ஊசியாகக் கூர்மையாக இருந்தால் முழு செட்டுக்கும் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலில் மண் கொட்டி நிலமாக்கும் வேலையில் ஓடிய வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும், மணல் அரைத்துத் தள்ளியிருக்கும், உப்பு வேறு. ஃபைனல் டிரைவ் (ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் கடைசி கியர் பெட்டி) எண்ணெயிலும் இரும்புத் துகள் தேடுங்கள். ஹவர் மீட்டர் (வண்டி ஓடிய மணிநேரக் கணக்கு) குறைவாகக் காட்டி, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள்.

5. காகிதம்

வண்டியில் உள்ள சீரியல் எண் தகடும் பத்திரமும் பொருந்த வேண்டும், கடன் பாக்கி இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து இறக்குவதாக இருந்தால் இன்ஜின் தகட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் பயன்படுத்த இறக்குமதியாகும் இத்தகைய டீசல் இன்ஜின்கள் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் புகை விதிகளுக்கு உட்பட வேண்டும், குறைந்தது ஐரோப்பிய இரண்டாம் நிலை, அமெரிக்க இரண்டாம் நிலை அல்லது ஜப்பானிய முதல் நிலை. இதை முன்பணம் கொடுக்கும் முன்பே உறுதிசெய்யுங்கள். வண்டியை ஏற்றி வரும் லோ-பெட் லாரி வாடகையையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துத்தான் வண்டியின் விலை என்று கணக்குப் போடுங்கள்.