பீரளு லேஸ் மாதிரியைப் பாதி வரைந்தால் போதும்

மரக் குச்சிகளில் சுற்றிய நூல்களை, மாதிரித் தாளில் குத்திய ஊசிகளைச் சுற்றிப் பின்னுவதே பீரளு லேஸ். அதன் தளக் கோலம் (பின்னணிப் பின்னல்) இடம் வலம் ஒத்திருந்தால், மாதிரியைப் பாதி மட்டும் வரைந்து, தாளை நடுக்கோட்டில் மடித்து, குண்டூசியால் இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்துங்கள். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைக்கும் சதுரக்கோட்டுக் கொப்பித் தாளே இதற்கு நல்லது. டோர்ஷன் என்ற லேஸ் வகையின் தளத்தில் ஊசிகள் 45 பாகைச் சாய்வு வரிசைகளில் ஒரே சீராக நிற்பதால், மடிப்பு நேராக விழுந்தால் மறுபாதித் துளைகளும் அச்சொட்டாக அமையும். அப்புறம் தாளை விரித்து மட்டையில் ஒட்டலாம்.

துளைகள்தான் புரளும், நூலோட்டம் புரளாது. இரு பாதியிலும் குறுக்குக்கு (இரு சோடிகளின் நடு நூல்களை மாற்றுவது) இடதுநூல் மேலே, முறுக்குக்கு (ஒரு சோடியின் இரு நூல்களை மாற்றுவது) வலதுநூல் மேலே.

காற்றாடி போலச் சுழலும் கோலத்துக்கு இது சரிவராது. மடித்தால் மறுபாதி எதிர்ப்பக்கம் சுழலும். அதற்குப் பாதியைத் தனித்தாளில் எடுத்து, 180 பாகை திருப்பி வைத்துக் குத்த வேண்டும்.