எடையைக் கணக்கில் பிடிக்க ஒரு நோட்டு

கும்பகோணத்தில் காலை நடைக்கு ஆள் பஞ்சமே இல்லை. குளத்தைச் சுற்றி நாலு சுற்று, முடிந்ததும் பித்தளை டபராவில் டிகிரி காபி, சூடாக இரண்டு வடை. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் நடந்தேன், எடை ஏறியது. 70 கிலோ உள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. வடை அதை அங்கேயே ஈடுகட்டிவிடும். அதனால் வரவு, செலவு இரண்டையும் எழுதுவோம்.

முதலில் எடை. காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். தராசு பாய்மேல் இருக்கக் கூடாது, கெட்டித் தரையில் இருக்கட்டும். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டினால் பதறாதீர்கள், பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த தண்ணீர்தான். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

அடுத்து உழைப்பு. போன் காட்டும் ஸ்டெப் கணக்கு நடைக்குச் சரி. நடவுக்குப் போகிறவர்கள் போனை வரப்பில் வைத்துவிட்டுத்தானே சேற்றில் இறங்குகிறார்கள்? சைக்கிளும் அதில் சரியாக வராது. இதையெல்லாம் நிமிடத்தில் குறியுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற அளவு வேகத்தில் வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம் சாப்பாடு. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிட்ட கையோடு எழுதுங்கள். என் தட்டுச் சோற்றைக் கப்பில் அளந்தபோதுதான் தெரிந்தது: இரண்டு கப் என்று நினைத்தது மூன்றேமுக்கால் இருந்தது! ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. தாளிக்கிற எண்ணெயையும் விடாதீர்கள், ஒரு மேசைக்கரண்டி 120.

நாலு வாரம் கழித்துச் சிவப்பு எண்களை ஒப்பிடுங்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. மாதம் அரைக் கிலோ ஏறுகிறதென்றால் நாளுக்குச் சுமார் 130 மிச்சமாகிறது, முக்கால் கப் சோறுகூட இல்லை. அதை மட்டும் குறைத்துவிட்டு இன்னும் நாலு வாரம் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குறையுங்கள்.

எடை இறங்கிய பிறகும் நோட்டு வேண்டும். ஐப்பசி அடைமழையில் நடை நின்றால் அந்த இடத்தில் ‘மழை’ என்று எழுதிவிட்டு, அன்றைக்கு வடையைத் தொடாதீர்கள்.