டொரான்டோவுக்குப் புதுசா? முதலில் ஒரு காபி

டொரான்டோ வந்து இறங்கியதும் பலர் ரெஸ்யூமே அனுப்புவதிலேயே மாதக்கணக்கைக் கழித்துவிடுகிறார்கள். பாதி நேரத்தையாவது மனிதர்களைச் சந்திக்கச் செலவிடுங்கள். இங்கே 'காபி சாட்', அதாவது உங்கள் துறையில் இருப்பவரோடு வேலை பற்றிக் கொஞ்ச நேரம் சாதாரணமாகப் பேசுவது, சகஜமான வழக்கம். முன்பின் தெரியாதவரிடம் கேட்டாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

லிங்க்ட்இன்னில் உங்கள் துறையில், உங்களைவிட நாலைந்து வருடம் மட்டும் முன்னால் இருப்பவரைத் தேடுங்கள். பெரிய டைரக்டர்களுக்கு நேரம் இருக்காது. செய்தி சின்னதாக இருக்கட்டும்: "சென்னையில் பாலம் வடிவமைப்பில் இருந்தேன். இங்கே அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் 20 நிமிடம் பேச முடியுமா?" அவ்வளவுதான். ரெஸ்யூமேயை இணைக்காதீர்கள், வேலையும் கேட்காதீர்கள். கேட்ட உடனே எதிரில் இருப்பவர் சுருங்கிவிடுவார்.

20 நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் முடியுங்கள். கிளம்பும்போது, "நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது?" என்று கேளுங்கள். அடுத்த கதவு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் திறக்கும். மறுநாளே நன்றி சொல்லுங்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதைச் செய்து பார்த்தது எப்படிப் போனது என்று இரண்டு வரி எழுதுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

பொறியாளர் என்றால், ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமம் தரும் அமைப்பான பிஇஓவின் உள்ளூர்க் கிளைக் கூட்டங்களையும் பாருங்கள். டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர்கள் வீடு, பள்ளி பார்க்கப் பெரிய துணை, சரி. துறைத் தொடர்புக்கு அவர்களைத் தாண்டியும் போகத்தான் வேண்டும்.